பேராசிரியருக்குக் கலர் ஏற்றிய பேனர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் பெரிய மனிதர் ஆகிவிட்டார் என்பதற்கு முதல் அடையாளம், ஃப்ளெக்ஸ் பேனரில் அவருடைய முகம் அவருடைய முகம் மாதிரி இல்லாமல் போவதுதான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிப் பதவி, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சரி, பேனரில் ஏறியதும் எல்லாரும் ஒரே நிறத்துக்கு வந்துவிடுவார்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ரோட்டோரம் நிற்கிற பேனர்களை மட்டும் பார்த்துவிட்டு யாராவது எங்கள் மாவட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால், இங்கே வெயிலே அடிப்பதில்லை என்றுதான் எழுதுவார். செத்துப்போனவர்கள்கூட உயிரோடு இருந்த காலத்தைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். பல வருஷமாக இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தவன்தான் நான். அமெரிக்காவிலிருந்து ஒரு கடல் விஞ்ஞானி எங்கள் ஊருக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் சர்வீஸ் பாதி திண்டிவனம் தாலுகா அலுவலகத்திலும் மீதி விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்திலும் கழிந்தது. ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு அனுப்பினார்களே தவிர, என் தலைக்குள் இருந்த அரசாணைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் இன்றைக்கும் பட்டா மாற்ற, வாரிசுச் சான்று வாங்க, தெருவை அடைத்துப் பந்தல் போட என்று வழி கேட்டு வருவார்கள். வழியைச் சொல்வேன். அந்த வழியில் போனால் காரியம் நடக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது என் அதிகார வரம்பில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

என் தம்பி கூட்டேரிப்பட்டுப் பக்கம் விவசாயம் பார்க்கிறான். அவன் மகள் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் படித்து, பிறகு சென்னை போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவள். கடலடிச் சேற்றை ஆராய்வதுதான் அவள் படிப்பு. கப்பலில் போய், நீளக் குழாயைக் கடலின் அடியில் இறக்கி, சேற்றை எடுத்துவந்து பார்ப்பார்களாம். இதை அவள் முதல்முறை சொன்னபோது தம்பி கேட்டான்:

"ஏம்மா, அதுக்கு எதுக்கு அம்மாந்தூரம் போவணும்? நம்ம ஏரியில எறங்குனா இடுப்பு வரைக்கும் சேறு கெடக்குது."

"ஏரி வண்டல் எடுக்கத் தாசில்தார் அனுமதி வேண்டும்" என்றேன் நான், பழக்க தோஷத்தில்.

"கடல்லயும் அந்தந்த நாட்டுல பர்மிஷன் வாங்கணும் பெரியப்பா. அதுக்கே மாசக்கணக்கா ஆவும்" என்றாள் அவள்.

கடலிலும் அனுமதி முறை உண்டு என்று தெரிந்த அன்றுதான் அந்தத் துறையின்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அவளுடைய பேராசிரியர் கறுப்பினத்தைச் சேர்ந்த அமெரிக்க அம்மையார். அவர் வேலைக்கு வந்த காலத்தில் அந்தத் துறையில் அவரைப் போல இன்னொருவர் கிடையாதாம். போன ஐப்பசியில் அவர் சென்னையில் ஒரு கருத்தரங்குக்கு வந்தார். என் தம்பி மகளும் கூடவே வந்தாள். அடுத்தது புதுச்சேரியில் ஒரு கூட்டம். நடுவில் ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளை அவள் தன் பழைய கல்லூரிக்குக் கேட்டு வாங்கிவிட்டாள். காலையில் திண்டிவனத்தில் பேச்சு, மதியம் எங்கள் தம்பி வீட்டில் சாப்பாடு, மாலையில் புதுச்சேரி.

கல்லூரித் தாளாளர் உடனே வரவேற்புக் குழு ஒன்றை அமைத்தார். அதில் நானும் இருந்தேன். கல்லூரி வாசலில் ரோட்டைப் பார்த்துப் பேனர் வைக்க வேண்டும், அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் காரணம். நானும் வாங்கினேன். மனு, காவல் நிலையத்தின் தடையின்மைச் சான்று, இடத்தின் வரைபடம் எல்லாம் கொடுத்து, அளந்து, குறித்து வாங்கினேன். அனுமதி எண், எத்தனை நாளுக்கு அனுமதி, அச்சடித்த கடையின் பெயர், மூன்றும் பேனரின் அடியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதையும் எழுதிக் கொடுத்தேன். எங்கள் மாவட்டத்தில் இத்தனை ஒழுங்காக அனுமதி வாங்கிய பேனர் வேறு இருந்திருக்காது.

விழாவுக்கு முதல் நாள் காலை விழுப்புரத்திலிருந்து வேனில் பேனர் வந்தது. வாசலில் கட்டினார்கள். நான் அடியில் போய் அனுமதி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. கடையின் பெயர் இருந்தது. அளவு சரி. திருப்தியாக இருந்தது. அப்போதுதான் மேடை ஏற்பாட்டைப் பார்க்க என் தம்பி மகள் வந்தாள். வாசலில் நின்று மேலே பார்த்தாள்.

"பெரியப்பா, யாரு இவங்க?"

"உன் பேராசிரியர்தானே? பெயர் போட்டிருக்கிறதே."

"பேரு அவங்களுதுதான். மொகம் யாருது?"

அப்போதுதான் நான் முகத்தைப் பார்த்தேன். பேனரில் பால்கோவா நிறத்தில் ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள்வரை அலை அலையாகத் தலைமுடி. பின்னால் நீலக் கடல், ஒரு கலங்கரை விளக்கம், ஒரு கூட்டம் டால்பின்கள். கீழே வட்டம் வட்டமாக வரவேற்புக் குழு. தாளாளர் பளபளவென்று இருந்தார். ஒரு வட்டத்துக்குள் பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை மாதிரி ஒருவர் இருந்தார். மீசையை வைத்துத்தான் அது நான் என்று கண்டுபிடித்தேன்.

தாளாளர் பின்னால் வந்து நின்றார். "இன்னா சார், சூப்பரா வந்திருக்குதில்ல? பெரிய ஆளு மாதிரி கீறாங்க."

"சார், இது மேடம் இல்ல" என்றாள் அவள்.

"அட, பேனர்னா கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும்மா. நாளைக்கு விழா வச்சிக்கினு இப்ப போய் மாத்துறதுன்னா பேஜாரு."

அவள் அவரிடம் வாதம் செய்யவில்லை. என் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள். கண் கலங்கியிருந்தது. அமெரிக்காவில் இத்தனை வருஷம் தனியாக இருந்தும் ஃபோனில் ஒரு தடவைகூட அழாத பெண்.

"பெரியப்பா, அவங்க யாருக்கும் போட்டோ குடுக்க மாட்டாங்க. எங்க ஊர்ல போட்டோ இல்லாம விழாவே கெடையாதுன்னு நான்தான் கெஞ்சி வாங்குனேன். அப்ப அவங்க கேட்டாங்க, என் மொகத்தையே போடுவாங்களா, நிச்சயமா தெரியுமான்னு. நான் சிரிச்சேன். மேடம், எங்க ஊர்ல நாங்களே கறுப்புதான், அங்க இந்தப் பிரச்சனை வராதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த வாக்கு இப்போது அனுமதி எண்ணோடு வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

விதிகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அனுமதி பெற்ற பேனரில் அளவை மாற்றினால் புது மனு வேண்டும். இடத்தை மாற்றினால் வேண்டும். நாளை நீட்டினால் வேண்டும். முகத்தை மாற்றினால் என்ன செய்வது என்று எங்கேயும் சொல்லவில்லை. முகம் சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லை. அரசாங்கம் ஒரு விஷயத்தில் வாய் மூடிக்கொண்டிருந்தால் அதுவே பெரிய அனுமதி. "கிளம்பு, விழுப்புரம் போவோம்" என்றேன்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அந்த அம்மையாரின் கதையைச் சொன்னாள். எனக்கு யாருடைய வாழ்க்கையைக் கேட்டாலும் பணிப் பதிவேடு மாதிரிதான் காதில் விழும். பிறந்த ஊர் கடலிலிருந்து வெகு தூரம், சோளக்காடு. முதன்முதலில் கடலைப் பார்த்தது கல்லூரிக்குப் போன பிறகு. முதல் கப்பல் பயணத்திலேயே வாந்தி. கப்பல் கரை திரும்புகிற வரை வாந்தி. தகுதிகாண் பருவத்தில் இப்படி ஆனால் எங்கள் துறையில் மருத்துவச் சான்று கேட்டு மெமோ கொடுத்திருப்பார்கள். அவரோ ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாராம்.

அதற்கும் முன்னால் கப்பலில் ஏறவே விடவில்லையாம். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்றார்களாம் அதிகாரிகள்.

"அப்புறம்?" என்றேன். கழிப்பறை இல்லை என்று காரணம் எழுதினால் அந்தக் கோப்பு ஒரு தலைமுறைக்கு நகராது என்பது என் அனுபவம்.

"ஒரு அட்டை எடுத்து, ஒரு பக்கம் 'உள்ளே பெண்'ன்னும் இன்னொரு பக்கம் 'காலி'ன்னும் எழுதிக் கதவுல மாட்டிட்டாங்க. மேட்டர் முடிஞ்சிச்சி."

எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு குழு அமைத்து, அந்தக் குழு வேறு மாவட்டத்துக் கழிப்பறைகளைப் போய்ப் பார்வையிட்டு வந்திருக்கும். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் அந்த அம்மையார் மேல் எனக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது.

பிறகு சேறு. கடலின் அடியில் சேறு வருஷக்கணக்காக மெல்ல மெல்லப் படியுமாம். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. குழாயில் எடுத்து நெடுக்கே பிளந்தால் எந்தக் காலத்தில் நிலத்தில் மழை பெய்தது, எந்தக் காலத்தில் வறண்டது என்று படிக்கலாமாம். எங்கள் பதிவறையிலும் பழைய கட்டு அடியில்தான் கிடக்கும். ஆனால் எங்களுடையதைக் கரையான் படித்துவிடும். அந்த அம்மையார் படித்தார். அதுவரை யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். பெரிய பத்திரிகை ஒன்று அதைப் பற்றிக் கட்டுரை போட்டது. படமும் போட்டது.

"யாரு படம் தெரியுமா பெரியப்பா? மேடத்துக்குக் குழாய் புடிக்க வந்த வெள்ளைக்காரப் பையன் படம். அடியில மேடம் பேரு. அவங்க அம்மா பத்திரிகைய வாங்கி வச்சிக்கினு, என் பொண்ணு எங்க, என் பொண்ணு எங்கன்னு பக்கம் பக்கமாத் தேடுனாங்களாம்."

"மறுப்புக் கடிதம் எழுதவில்லையா?"

"எழுதுனாங்க. அடுத்த இதழ்ல திருத்தம் போடறோம்னு பதில் வந்துச்சி. வரவேயில்ல. அந்தப் பக்கத்த மேடம் கிழிச்சி, அவங்க வீட்டுக் கழிப்பறைக் கதவுல உள்பக்கமா ஒட்டி வச்சிருக்காங்க. அங்க உக்காந்து பாத்தா சிரிப்பு வருதாம்."

அதன் பிறகு அவர் படிப்படியாக மேலே போய்த் துறைக்கே தலைவரானார். வயதாகிவிட்டது என்று மாலை போட்டு அனுப்புகிற வழக்கம் அங்கே இல்லையாம், இன்னும் வேலை பார்க்கிறாராம். இந்த ஒரு தகவல் மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஃப்ளெக்ஸ் கடை விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே மை வாடை. இயந்திரம் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக ஓடி யாருடைய வளைகாப்பையோ அச்சடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான ஆள். விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு விளங்கவில்லை.

"வேற போட்டோ குடுக்கறீங்களா சார்?"

"அதே போட்டோதான். நீ எதையும் மாற்றாமல் போடு."

"நான் எதுவும் மாத்தலியே சார். கலர் ஏத்துனேன், அவ்ளோதான். ஒரு பட்டன் வச்சிருக்கேன். போட்டோ வந்ததும் அதத் தட்டிட்டுத்தான் மீதி வேலையே. எல்லாருக்கும் அதுதான். உங்களுக்கும் அதுதான் தட்டுனேன்." என்னை நேரில் ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "உங்களுக்கு ரெண்டு வாட்டி தட்டுனேன்."

"முடி எங்கேருந்துண்ணா வந்துச்சி?" என்றாள் தம்பி மகள்.

"கம்மியா இருந்துச்சிம்மா. பாக்கவே பாவமா இருந்துச்சி. தோள் வரைக்கும் வுட்டேன்."

"டால்பின்?"

"கடல்னா டால்பின் இல்லாம எப்பிடிம்மா?"

"அவங்க ஆராய்ச்சி சேறுண்ணா."

"ஃபங்ஷன் பேனர்ல சேறு போட்டா நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு."

அவள் தன் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். கப்பல் தளத்தில், செம்மஞ்சள் சட்டையில், ஒட்ட வெட்டிய நரைத் தலையோடு, முழங்கை வரை சேறு அப்பிக்கொண்டு அந்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவங்க அமெரிக்காவுக்கு எந்த ஊர்லேருந்து போனவங்க?"

"அமெரிக்காக்காரங்களேதான்."

"பொறந்ததே அங்கியா?" அவர் முகம் மாறிவிட்டது. "அய்யோ சார், அமெரிக்கால வேல பாக்கற நம்மாளுன்னுல்ல நெனச்சிக்கினேன்! கண்டமங்கலத்துல எங்க சின்னம்மா இருக்காங்க, அச்சு இதே மொகம். வெளிநாட்டுக்காரங்கன்னு தெரிஞ்சிருந்தா கையே வச்சிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"வெளிநாட்டுக்காரங்க மொகத்துல நான் ஏன் சார் கை வைக்கணும்? அவுங்க எப்பிடி இருந்தாலும் அது நல்லாதான் இருக்கும். நம்மாளுங்களுக்குத்தான் ஏத்தணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி மகளுக்கு வரவில்லை.

"அப்ப உங்க சின்னம்மாவுக்கும் ஏத்துவீங்களாண்ணா?"

"ஏத்துனேனே! அறுபதாம் கல்யாணத்துக்கு. பேனரப் பாத்துட்டு எங்க சித்தப்பாவே, எம் பக்கத்துல யார்ரா இதுன்னு கேட்டாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

வேலை சுலபமாக முடியவில்லை. பழைய முகத்தை எடுத்தார், முடியை எடுத்தார், படத்தைத் திறந்தார், திறந்தவுடன் விரல் தானாகப் போய்ப் பட்டனைத் தட்டிவிட்டது. "கை பழகிப்போச்சிம்மா" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் திறந்தார். டால்பின்கள் விஷயத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. டால்பின் இல்லாவிட்டால் மீன் மார்க்கெட் திறப்பு விழா என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. கடைசியில் அவருடைய நிம்மதிக்காக ஒரே ஒரு டால்பினை விட்டுக்கொடுத்தோம்.

உண்மையான சிக்கல் அதன் பிறகு வந்தது.

"சார், அடியில எங்க கடை பேரு வாணாம்."

"அது விதி. அச்சடித்தவர் பெயர் இல்லாமல் பேனர் வைக்க முடியாது."

"சார், ஒரிஜினல் கலர்ல போட்டா மிஷின் ரிப்பேருன்னு சொல்லுவாங்க. போன வருஷம் ஒரு கட்சிக்காரரு போட்டோவ மறந்தாப்பல அப்பிடியே போட்டுட்டேன். கேப்பைக் களி கிண்டுன மாதிரி அடிச்சிருக்கியேன்னு ஆளுங்களோட வந்து நின்னுட்டாரு. தொழில் சார். பேரு கெட்டுடும்."

பெயர் போடாவிட்டால் விதிமீறல், போட்டால் தொழில் நஷ்டம். இரண்டும் நியாயம். இந்த மாதிரி இடத்தில் எங்கள் துறையில் ஒரு பழைய வழி உண்டு. பொறுப்பு யாருடையது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், யாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. கடையின் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தில், அவரே தட்டச்சு செய்தார்: 'விருந்தினர் முகம் ஒரிஜினல் கலர். வாடிக்கையாளர் விருப்பப்படி அச்சிடப்பட்டது.'

வளைகாப்பு முடிந்து இயந்திரத்தில் எங்கள் துணி ஏறியது. முதலில் நரைத் தலை வந்தது. பிறகு நெற்றி. அவள் கைபேசியை வைத்து ஒப்பிட்டுக்கொண்டே நின்றாள். சிரிப்பு வந்து முடிகிற வரைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து நகரவில்லை.

மறுநாள் காலையில் பழையதை இறக்கிவிட்டுப் புதியதைக் கட்டினோம். தாளாளர் பார்த்துவிட்டு, "டல்லா கீதே சார்" என்றார். அடியில் இருந்த வரியைப் படித்ததும் ஆறுதல் அடைந்தார். பொறுப்பு அவருடையது இல்லை.

"மேடத்துக்கிட்ட முந்தின பேனரப் பத்திச் சொல்லணுமா பெரியப்பா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதே" என்றேன். தகவல் கேட்டு வந்த மனுக்களோடு பல வருஷம் போராடியவனின் அறிவுரை அது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

கார் வந்தது. கப்பல் தளத்தில் நடந்து பழகியவர் போலக் காலை அகட்டி அகட்டி வைத்து அந்த அம்மையார் இறங்கினார். வாசலில் நாகஸ்வரம், சந்தனம், தாளாளர் கையில் சால்வை. அவர் எதையும் பார்க்காமல் நேராகப் பேனருக்குக் கீழே போய் நின்றார். வெகு நேரம் நின்றார்.

அவர் திரும்பி, அடியில் இருக்கும் சின்ன எழுத்துகள் என்ன என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் ஆபீஸ் ஆங்கிலத்தில் அனுமதி எண்ணில் தொடங்கி முழுவதையும் மொழிபெயர்த்தேன். கடைசி வரிக்கு வந்ததும் அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். தன் முகத்துக்கு எழுத்துபூர்வமாகச் சான்று கிடைப்பது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை என்று சொல்லி, பேனரில் இருந்தது போலவே சிரித்தார். பிறகு வட்டங்களுக்குள் இருந்தவர்களை ஒவ்வொருவராக நேரில் அடையாளம் பார்க்க ஆரம்பித்தார். தாளாளரைக் கண்டுபிடித்துவிட்டார். என்னுடைய வட்டத்தைக் காட்டி, இந்த இளைஞர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். அவர் மாற்றலாகிப் போய் ரொம்ப நாளாகிறது என்றேன்.

குத்துவிளக்கு, வரவேற்புரை, சால்வைகள் எல்லாம் முடிந்து மிச்சமிருந்த நேரத்தில் அவர் பேசினார். வாளியைப் பற்றிச் சொன்னார், சேற்றைப் பற்றிச் சொன்னார். பத்திரிகைப் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் மாணவிகள் செல்ஃபி எடுக்கச் சூழ்ந்துகொண்டார்கள். கைபேசியே தானாக முகத்தை வெளுக்கிறதென்று என் தம்பி மகள் ஒவ்வொன்றிலும் அந்த வசதியை அணைத்துக்கொண்டே வந்தாள். ஒரு பெண் அணைத்த பிறகு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "அய்யோ, நான் இப்பிடியாடி இருக்கேன்?" என்றாள். "நேர்ல இன்னும் மோசம்டி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மதியம் தம்பி வீட்டுக்குக் கிளம்பினோம். அவள் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்திருந்தது. கார் கூட்டேரிப்பட்டைத் தாண்டித் திரும்பியபோது வானம் மேற்கே கறுத்திருந்தது. வீட்டு வாசலை நெருங்கியதும் அவள் முன் இருக்கையிலிருந்து திரும்பி, "பெரியப்பா!" என்றாள்.

களத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, குவிந்து கிடந்தது. குவியலின் மேல், வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி, பால்கோவா நிற அம்மாள் மல்லாந்திருந்தாள். அலை அலையான கூந்தல், கூட்டம் கூட்டமாக டால்பின்கள். எங்கள் பக்கத்தில் பழைய ஃப்ளெக்ஸ் குப்பைக்குப் போகாது. ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும், வைக்கோல் போருக்குப் போர்வையாகும். காலையில் கழற்றிப் போட்டதைத் தம்பி வந்து எடுத்துப்போயிருக்கிறான். முகம் யாருடையது என்பதை அவன் யோசிக்கவே இல்லை. துணி புதுசு, ஓட்டை இல்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மையார் இறங்கினார். குவியலைச் சுற்றி வந்தார். மேலே ஆங்கிலத்தில் இருந்த தன் பெயரைப் படித்தார். கீழே இருந்த முகத்தைப் பார்த்தார். யார் இந்தப் பெண் என்று கேட்டார்.

இப்போது கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. தம்பி மகள் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் ஊரில் இது நடக்காது என்று சொன்னேன், நடந்துவிட்டது. முதலில் வைத்தது இதைத்தான், எனக்கே நேற்றுத்தான் தெரியும் என்றாள். பட்டனைச் சொன்னாள், கூந்தலைச் சொன்னாள், கடைக்காரரின் சின்னம்மாவைச் சொன்னாள். அழாமல் சொன்னாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சரியான பேனரை எப்போது அச்சடித்தீர்கள்?

"நேத்து சாயந்தரம்" என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன், தமிழிலேயே. அவள் மொழிபெயர்த்தாள்.

அந்தப் பத்திரிகையின் திருத்தத்துக்கு இன்னும் காத்திருப்பதாகச் சொன்னார் அவர். நீங்கள் ஒரே நாளில் போட்டுவிட்டீர்கள் என்றார். அவள் தோளில் கையைப் போட்டு, கொஞ்சம் பலமாகவே உலுக்கினார். அப்புறம் குனிந்து, அந்தக் கூந்தல் யாருடையது, தனக்குப் பிடித்திருக்கிறது என்றார்.

அதற்குள் முதல் தூறல் விழுந்தது. தம்பி வீட்டுக்குள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். வந்திருப்பவர் யார், துறைத் தலைவரா, விருந்தாளியா என்றெல்லாம் பார்க்கவில்லை. "ஜல்தி, ஜல்தி! அந்தப் பக்கம் புடிம்மா! மூஞ்சி மேல தண்ணி நிக்கும் பாரு, இழு!" என்று அவரைப் பார்த்துக் கத்தினான்.

அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் மூலையைச் சரியாகப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக இழுத்துக் குவியலின் அடியில் செருகினார். எதிர் மூலையைத் தம்பி மகள் இழுத்தாள். பால்கோவா நிற அம்மாள் சுருக்கமில்லாமல் மல்லாட்டையின் மேல் நீட்டிப் படுத்தாள்.

"இன்னா அண்ணே, வேடிக்க பாத்துக்கினு நிக்கற? செங்கல்ல எடுத்தா!" என்றான் தம்பி என்னிடம்.

நான் போய்ச் செங்கல் எடுத்து வந்தேன்.